57 வயதில் கிடைத்த மறுவாழ்வு: வினா விளையாட்டு மேடையைச் சிரிக்க வைத்த கிரவுச்சோ மார்க்ஸ்

ஹைதராபாத்: அக்டோபர் 2 என்றதும் இந்தியர்களின் நினைவுக்கு வருபவர் மகாத்மா காந்தி. அதே தேதியில், 1890ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த ஜூலியஸ் ஹென்றி மார்க்ஸ் என்ற பெயர் நம்மில் பலருக்கு அறிமுகம் இல்லாதது. ஆனால் அவரது முகத்தை நாம் அறிவோம். கைப்பேசியில் வட்டக் கண்ணாடி, பெரிய மூக்கு, அடர்ந்த புருவம், தடித்த மீசையுடன் ஒரு மாறுவேட எமோஜி இருக்கிறதே, அந்த வேடத்தின் மூலவர் அவர்தான். உலகம் அவரை கிரவுச்சோ மார்க்ஸ் என்று அழைத்தது. (காரல் மார்க்ஸுக்கும் இவருக்கும் உறவு எதுவும் இல்லை.)

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில், 1950 முதல் 1961 வரை, 'யூ பெட் யுவர் லைஃப்' என்ற வினா விளையாட்டு நிகழ்ச்சியை நடத்தியவர் கிரவுச்சோ. இந்தியாவில் தொலைக்காட்சி 1959இல் டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. ஹைதராபாத் தூர்தர்ஷன் நிலையம் 1977 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கிரவுச்சோ மறைந்துவிட்டார். எனவே அவர் நம் வீட்டு வரவேற்பறைக்கு வந்ததே இல்லை. எனினும் பிற்காலத்தில் தமிழில் சூர்யாவும் தெலுங்கில் நாகார்ஜுனாவும் கோடி ரூபாய் நிகழ்ச்சிகளை நடத்தியபோது, கேள்வியைவிடப் போட்டியாளருடனான உரையாடலை ரசித்தவர்கள் ஏராளம். அந்த ரசனைக்குத் தொலைக்காட்சியில் முதலில் வழி திறந்தவர்களில் கிரவுச்சோவும் ஒருவர்.

அளவு நாடா இல்லாத தையல்காரர்:

கிரவுச்சோவின் தந்தை சாம், பிரான்சின் அல்சேஸ் பகுதியிலிருந்து குடியேறிய தையல்காரர். அளவு நாடாவைத் தொடாமல் கண்ணளவிலேயே துணி வெட்டியதால், ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மறுமுறை வந்ததில்லை என்பது அந்தக் குடும்பத்தின் நிரந்தர வேடிக்கைப் பேச்சு. குடும்பத்தின் அச்சாணி தாய் மின்னி. ஜெர்மனியிலிருந்து வந்த அவரது தம்பி ஆல் ஷீன் மேடை நகைச்சுவையில் பெயர் பெற்றிருந்தார். தம்பியைப் போலவே தன் பிள்ளைகளும் மேடையேற வேண்டும் என மின்னி உறுதி பூண்டார்.

சிறுவன் ஜூலியஸோ மருத்துவராக விரும்பினான். வறுமை அவனைப் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளியிலிருந்து வெளியே இழுத்தது. இழந்த படிப்பை அவர் வாழ்நாள் முழுவதும் புத்தகங்களால் ஈடுகட்ட முயன்றார். 1905இல் பாடகனாக ஒரு குழுவுடன் புறப்பட்டுச் சென்றபோது, உடன் வந்தவர்கள் கொலராடோவில் அவரைத் தனியே விட்டுவிட்டு மறைந்தனர். அப்போது அவருக்கு 15 வயதுகூட ஆகவில்லை.

எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் பாய்ஸ் கம்பெனிகளில் அடிபட்டு வளர்ந்ததைப் போலவே, மார்க்ஸ் சகோதரர்கள் வாடவில் எனப்படும் பல்சுவை மேடைகளில் ஊர் ஊராக அலைந்து வளர்ந்தனர். டெக்சாஸில் ஒரு நாள் நிகழ்ச்சியின் நடுவே கோவேறு கழுதை ஒன்று கட்டறுத்து ஓட, ரசிகர்கள் அதை வேடிக்கை பார்க்க எழுந்து போய்விட்டனர். திரும்பி வந்தவர்களைச் சகோதரர்கள் ஆத்திரத்தில் மேடையிலிருந்தே கேலி செய்தனர். அடி விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு எழுந்தது. பாட்டுக் குழு நகைச்சுவைக் குழுவாக மாறிய கதை இது என்று அவர்கள் சொல்வது வழக்கம்.

1914இல் ஒரு சீட்டாட்டத்தின்போது சக கலைஞர் ஒருவர் விளையாட்டாகச் சூட்டிய பெயர்களே சிக்கோ, ஹார்ப்போ, கிரவுச்சோ, கம்மோ. கடைசித் தம்பிக்குப் பின்னர் செப்போ என்ற பெயர் வந்தது. 1924 முதல் பிராட்வே நாடக அரங்குகள் அவர்களைக் கொண்டாடின. ஒரு நாள் தாமதமாக அரங்கத்துக்கு வந்த கிரவுச்சோ, ஒட்டு மீசையை ஒட்ட நேரமின்றி ஒப்பனைக் கறுப்பால் மீசை தீட்டிக்கொண்டு மேடையேறினார். சிரிப்பு குறையவில்லை. அன்று முதல் அதுவே அவரது அடையாளம் ஆனது.

1929ஆம் ஆண்டு அவரை இருமுறை அடித்தது. செப்டம்பரில் தாய் மின்னி காலமானார். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்து, கால் நூற்றாண்டு மேடையில் சேர்த்த பணம் முழுவதும் கரைந்தது. அப்போது தொற்றிய தூக்கமின்மை கடைசிவரை அவரை விடவில்லை. 'டக் சூப்' (1933), 'எ நைட் அட் தி ஆபரா' (1935) போன்ற படங்கள் இன்று நகைச்சுவைத் திரைப்படங்களின் உச்சங்களாகப் போற்றப்படுகின்றன. ஆனால் 1940களில் சகோதரர்களின் திரைவாழ்வு வற்றிவிட்டது. 1947இல் அவர் தனியாக நடித்த 'கோபகபானா' எடுபடவில்லை. வானொலியில் அவர் நடத்திய நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நின்றுபோயின.

தாளைத் தூக்கிப் போட்ட இரவு:

அதே 1947இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பாப் ஹோப்புடன் பேச வந்த கிரவுச்சோ, எழுதி வைத்த உரையாடலை விட்டுவிட்டு மனம் போன போக்கில் பேசத் தொடங்கினார். ஹோப்பும் ஈடுகொடுத்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தயாரிப்பாளர் ஜான் கெடல் ஒன்றைக் கண்டுகொண்டார். கிரவுச்சோவின் வானொலி நிகழ்ச்சிகள் தோற்றதற்குக் காரணம், அவர் கையில் கொடுக்கப்பட்ட தாள்தான். அவருக்குத் தேவை எதிரே நின்று பேச ஒரு மனிதர். அதற்கு ஏற்ற வடிவம் வினா விளையாட்டு.

திரையில் கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகருக்கு வினா நிகழ்ச்சி நடத்துவது கௌரவக் குறைவாகவே கருதப்பட்ட காலம் அது. கிரவுச்சோவும் தயங்கினார். ஆனாலும் 1947 அக்டோபரில் நிகழ்ச்சி வானொலியில் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 57. 1949இல் வானொலித் துறையின் உயரிய பீபாடி விருது கிடைத்தது. 1950 அக்டோபரில் நிகழ்ச்சி என்பிசி தொலைக்காட்சிக்கு வந்தது. எம்மி விருதும் தேடி வந்தது.

தொலைக்காட்சிக்காகப் பழைய கறுப்பு மையைப் பூசிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். உண்மையான மீசை வளர்த்தார். கோமாளி நடையும் தொங்கும் கோட்டும் போயின. ஒரு முக்காலி, ஒரு சுருட்டு, ஒரு கண்ணாடி; அவ்வளவுதான். முன்பின் அறியாத இருவரை, பெரும்பாலும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், இணையாக அழைத்து வருவார்கள். அவர்களுடன் பேச்சு நீளும். பிறகு கையில் உள்ள சிறு தொகையில் எவ்வளவு பந்தயம் கட்டுவது என்று கேட்டுக் கேள்விகள் தொடங்கும். பேச்சின் நடுவே அன்றைய ரகசியச் சொல்லை யாராவது தற்செயலாக உச்சரித்துவிட்டால், மேலிருந்து மீசை வைத்த பொம்மை வாத்து ஒன்று 100 டாலருடன் இறங்கும். எல்லாக் கேள்வியிலும் தோற்றவர் வெறுங்கையுடன் போகக் கூடாது என்பதற்காக, விடை கேள்வியிலேயே அடங்கிய ஓர் ஆறுதல் கேள்வியும் உண்டு. ஜெனரல் கிராண்டின் பெயரில் உள்ள கல்லறையில் இருப்பவர் யார் என்ற வகையில் அது அமையும்.

அந்தப் பேச்சுதான் நிகழ்ச்சி. போட்டியாளர் சொன்ன ஒரு சொல்லை எடுத்து, அதன் இன்னொரு பொருளைக் காட்டித் திருப்பிக் கொடுப்பது கிரவுச்சோவின் வழக்கம். பல நேரங்களில் அதுகூட இல்லை. புருவத்தை உயர்த்தி, சுருட்டை ஒருமுறை இழுத்துவிட்டு, பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்ப்பார். சிரிப்பு தானாக வரும். அவர் பேசிய எல்லாவற்றையும் ஒளிபரப்பவும் முடியாது. அதனால் ஒரு மணி நேரம் அளவுக்குப் படமாக்கி, அரை மணி நேரமாக வெட்டினார்கள். எட்டு கேமராக்களை வைத்து, பார்வையாளர் முன்னிலையில் ஃபிலிமில் பதிவு செய்த அந்த முறை, நேரடி ஒளிபரப்பே வழக்கமாக இருந்த காலத்தில் புதுமையானது.

1953இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து பெட்ரோ கொன்சாலஸ் கொன்சாலஸ் என்ற தொலைக்காட்சி நிலையத் தொழிலாளி போட்டியாளராக வந்தார். தாய் வழியும் கொன்சாலஸ், தந்தை வழியும் கொன்சாலஸ் என்பதால் அந்த இரட்டைப் பெயர். அன்று சிரிப்பை அள்ளியது பெட்ரோதான். கிரவுச்சோ போட்டியிடவில்லை, விலகி நின்று வழிவிட்டார். அதைப் பார்த்த நடிகர் ஜான் வெய்ன் பெட்ரோவைத் தனது படங்களுக்கு ஒப்பந்தம் செய்ய, 'ரியோ பிராவோ' உள்ளிட்ட படங்களில் அவர் நடித்தார். 1961இல் வந்த இன்னொரு போட்டியாளர் 10,000 டாலர் வென்று, வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அவர் பெயர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. உலகையே நடுங்க வைத்த 'தி எக்சார்சிஸ்ட்' நாவல் பின்னர் அவரிடமிருந்து வந்தது.

பவுலிங் கருவியின் ரகசியம்:

அத்தனை வேகமும் அந்தக் கணத்தில் பிறந்ததுதானா? இல்லை என்பதே நேர்மையான பதில். போட்டியாளர்களை நிகழ்ச்சிக் குழுவினர் முன்பே பேட்டி கண்டனர். அதை வைத்து எழுத்தாளர்கள் நகைச்சுவை வரிகளைத் தயாரித்தனர். பவுலிங் கூடங்களில் புள்ளிக் கணக்கைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்றின் மூலம், கிரவுச்சோவின் கண்ணுக்கு மட்டும் படும்படி அவ்வரிகள் திரையில் விழுந்தன. பெயர்ப்பட்டியலில் எழுத்தாளர்கள் என்று எவரும் குறிப்பிடப்படவில்லை.

இது ரசிகர்களை ஏமாற்றும் செயலா என்ற கேள்வி நியாயமானது. எழுத்தாளர்களுக்குரிய பெயரை மறைத்தது குறைதான். ஆனால் போட்டியாளரை கிரவுச்சோ மேடையில்தான் முதன்முறையாகச் சந்திப்பார். எந்த வரியை எடுப்பது, எதை விடுவது, எங்கே எதிரில் நிற்பவர் சொன்னதே போதுமானது என்று பேசாமல் இருப்பது ஆகியவை எந்தத் திரையிலும் எழுதப்படவில்லை. எழுதிய வரி கையில் இருந்தும் முந்தைய வானொலி நிகழ்ச்சிகள் தோற்றுப்போனதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

1950களின் இறுதியில் பெரும் பரிசு வினா நிகழ்ச்சிகளில் விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது அம்பலமாகி, அமெரிக்க நாடாளுமன்றம் வரை விவகாரம் சென்றது. இந்த நிகழ்ச்சி அந்தப் புயலில் சிக்காமல் தப்பியது. இங்கு பரிசுத் தொகை சிறியது. யார் வென்றார்கள் என்பதற்காக மட்டும் எவரும் இதைப் பார்க்கவில்லை.

பேசாமல் போன ஒரு தருணம்:

எவரையும் எதிர்த்துப் பேசக்கூடியவர் என்று பெயர் பெற்ற அந்த மனிதர், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்ததும் உண்டு. நிகழ்ச்சியின் இசைக்குழுத் தலைவர் ஜெர்ரி ஃபீல்டிங், 1953இல் கம்யூனிஸ்ட் தொடர்புகளை விசாரித்த பிரதிநிதிகள் அவைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். அவர் பதில் சொல்ல மறுத்தார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த விளம்பரதாரர்கள் அவரை நீக்க வேண்டும் என்றனர். கிரவுச்சோ பணிந்தார். ஃபீல்டிங் வேலை இழந்தார். பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்த அவர், பின்னாளில் 'தி வைல்ட் பஞ்ச்' படத்தின் இசைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெறும் அளவுக்கு மீண்டார்.

எஃப்.பி.ஐ. கிரவுச்சோவைப் பற்றியும் ஒரு கோப்பு வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. அந்தக் காலத்தின் அச்சம் எப்படிப்பட்டது என்பதற்கு அது சான்றே தவிர, சாக்கு ஆகாது. அவரும் அப்படிச் சாக்குச் சொல்லவில்லை. 1976இல் நிகழ்ச்சியைப் பற்றி வெளியிட்ட நூலில், விளம்பரதாரர்களுக்குப் பணிந்ததைத் தன் வாழ்வின் பெரிய வருத்தங்களில் ஒன்றாக எழுதினார். அதை நகைச்சுவையாக்க அவர் முயலவில்லை.

வீட்டிலும் அவர் எளிய மனிதர் அல்லர். மூன்று திருமணங்களும் விவாகரத்தில் முடிந்தன. மகன் ஆர்தர் 1954இல் தந்தையைப் பற்றி எழுதிய நூல் இருவருக்கும் இடையே பிணக்கை உண்டாக்கியது. கேலி அவருக்குக் கவசமாக இருந்தது. அருகில் இருந்தவர்களுக்கு அது காயமாகவும் இருந்தது.

பள்ளியை முடிக்காத அவர் ஆங்கிலக் கவிஞர் டி.எஸ்.எலியட்டுடன் நடத்திய கடிதப் போக்குவரத்து சுவையானது. ரசிகராக முதலில் எழுதிப் புகைப்படம் கேட்டவர் எலியட். கிரவுச்சோ கண்ணியமான ஒரு படத்தை அனுப்ப, சுருட்டுடன் கூடியதுதான் வேண்டும் என்றார் நோபல் பரிசு பெற்ற கவிஞர். 1964இல் லண்டனில் எலியட் வீட்டு விருந்துக்குச் செல்லும் முன், கிரவுச்சோ அவரது கவிதைகளையும் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தையும் மாணவனைப் போல் படித்துத் தயாரானார். எலியட்டோ மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் பற்றிப் பேசவே விரும்பினார்.

வீட்டு வாசலில் ஃபிலிம் பெட்டிகள்:

1961இல் நிகழ்ச்சி நின்றது. 1973 வாக்கில், கிடங்கில் இடமில்லை என்று என்பிசி பழைய சுருள்களை அழிக்க முற்பட்டது. விஷயம் தெரிந்து கேட்டு வாங்கியதில், பெட்டி பெட்டியாக ஃபிலிம் சுருள்கள் கிரவுச்சோவின் வீட்டில் வந்து குவிந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளூர் அலைவரிசை ஒன்று அவற்றை நள்ளிரவு நேரத்தில் ஒளிபரப்பத் தொடங்க, நிகழ்ச்சி முதலில் வந்தபோது பிறந்திராத மாணவர்கள் கண்விழித்துப் பார்த்தனர். 1974இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது.

இறுதி ஆண்டுகள் இனிமையாக இல்லை. அவரைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கு, அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே நடந்தது. 1977 ஏப்ரலில் தம்பி கம்மோ இறந்த செய்தியை அவரிடம் சொல்லாமலே மறைத்துவிட்டனர். ஆகஸ்ட் 19 அன்று நிமோனியாவால் கிரவுச்சோ காலமானார். அவருக்கு வயது 86. மூன்று நாட்களுக்கு முன்புதான் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி மறைந்திருந்தார். அந்த வாரம் அமெரிக்கப் பத்திரிகைகளின் பக்கங்கள் எல்விஸின் செய்திகளால் நிரம்பியிருந்தன. கிரவுச்சோவுக்கு எஞ்சியது சிறிய இடம்தான்.