பள்ளியில் அழுத சிறுமலர்

சிறுமலரின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நம் நாட்டில் எத்தனையோ உள்ளன. ரோஜா மலர்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நிற்கும் அவரது உருவத்தை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆனால் அவருக்குப் பள்ளி நாட்கள் கண்ணீர் நாட்களாக இருந்தன என்பதைப் பலர் அறியோம்.

குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிரான்ஸ் தேசத்தில் அலென்சோன் நகரில் பிறந்தார். நான்கரை வயதில் தாயை இழந்தார். தந்தை தம் ஐந்து பெண்மக்களுடன் லிசியே நகரில் குடியேறினார். அக்கா பவுலினே அன்னையும் ஆசிரியையுமானாள். 1881 அக்டோபரில் சிறுமி தெரேசா, ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தாள்.

வீட்டிலேயே நன்கு கற்றிருந்ததால், தன்னைவிட மூத்த பெண்களின் வகுப்பில் அமர்த்தப்பட்டாள். எழுத்துப் பிழையும் கணக்கும் தொல்லை கொடுத்தபோதிலும் பெரும்பாலும் முதலிடம் அவளுக்கே. அங்கேதான் வந்தது வினை! அவ்வகுப்பில் பதின்மூன்று, பதினான்கு வயதுள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். படிப்பில் சுமார், மற்றவர்களைத் தன் பக்கம் இழுப்பதில் கெட்டிக்காரி. கன்னியர் எல்லாரும் இச்சிறுமியை நேசிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. தெரேசா பெற்ற ஒவ்வொரு வெற்றிக்கும் ஏதாவதொரு வகையில் பழிதீர்த்தாள். கூச்சமுள்ள தெரேசாவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. அழுவாள், வீட்டில் சொல்லவும் மாட்டாள். (சொல்லியிருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.) உடன் படித்த அக்கா செலின் மட்டுமே அவளுக்காகத் துணிந்து பேசுவாள்.

விளையாட்டு நேரத்தில் அவளுக்கு ஓடத் தெரியாது. மரத்தில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பாள். மரத்தடியில் இறந்து கிடக்கும் குருவிகளை எடுத்து அடக்கம் செய்வாள். கதை சொல்வதில் மட்டும் சமர்த்து. பெரிய பெண்களும் வந்து கேட்பார்கள். ஆனால் ஆசிரியையோ, பேசியது போதும், ஓடி விளையாடுங்கள் என்று அதையும் நிறுத்திவிட்டார்!

செலின் படிப்பை முடித்து நின்றபின் தெரேசா தனியே சமாளிக்க முடியாமல் நோயுற்றாள். 1886-இல் தந்தை அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். ஆயினும் மரியாயின் பிள்ளைகள் சபையில் சேர விரும்பி, வாரம் இருமுறை அதே பள்ளிக்குத் திரும்பி வந்தாள். எவரும் அவளோடு பேசவில்லை. தையல் வேலையை முடித்துவிட்டு, கோவில் மேல்மாடத்தில் நற்கருணை நாதர் முன் தந்தை வரும்வரை காத்திருப்பாள்.

1888-இல், எங்கள் வயதில், கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1897 செப்டம்பர் 30-இல், இருபத்து நான்காம் வயதில் காலமானார். 1925-இல் புனிதையாக உயர்த்தப்பட்டார். எழுத்துப் பிழை செய்த அந்தச் சிறுமியை 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராகத் திருத்தந்தை அறிவித்தார்.

மடத்தில் அவர் எழுதிய சுயசரிதையில் அந்த மூத்த மாணவியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவளது பொறாமை மன்னிக்கத்தக்கதே என்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை.

எங்கள் வகுப்பிலும் திக்கிப் பேசும் தோழி ஒருத்தி இருக்கிறாள். எட்டாம் வகுப்பில் அவளுக்கு நாங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்தோம்; இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. அவளும் ஒரு நாள் தன் கதையை எழுதினால், எங்கள் பெயர்களை எழுதாமல் விடுவாளோ, என்னவோ!