பிரம்பில்லாப் பள்ளி கண்ட அம்மையார்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டுத் திண்ணையிலேயே நாளைக் கழிக்கும் பிள்ளைகள் உண்டு. அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கிறது, பேச்சு வரவில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை என்பன போன்ற காரணங்கள் சொல்லப்படுகின்றன. அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தோழர்களிடம் பேச விரும்புகிறோம். அதற்கு முன் ஓர் அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாண்டிசோரி என்ற பெயரைத் தோழர்கள் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயரைக் கண்டதும், இது பணம் படைத்தோருக்குரிய சரக்கு, நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உழைப்பாளி ஒதுங்கிப் போகிறான். அவன் ஒதுங்க வேண்டியதில்லை. அந்த அம்மையாரின் கல்விமுறை சீமான் மாளிகையில் பிறந்ததன்று. மனநோயர் விடுதியில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளிடையே பிறந்தது. கூலிக்காரர் குடியிருப்பிலே வளர்ந்தது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-இல் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. தந்தையே அதை விரும்பவில்லை. தாய் துணை நின்றார். 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அந்தப் பட்டம் பெற்ற பெண்களை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பின்னர் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அந்தப் பணிக்காக மனநோயர் விடுதிகளுக்குச் சென்றபோது, மந்த புத்தி என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவர் சிறுமியரும் அங்கே அடைக்கப்பட்டிருக்கக் கண்டார். ஓர் அறையில், உணவு முடிந்த பிறகு, பிள்ளைகள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தேடி எடுத்துக் கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவளுக்கு அது அருவருப்பாகப் பட்டது. அம்மையாருக்கோ வேறொன்று பட்டது. அந்த வெற்றறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு பொருளே இல்லை. பிள்ளைகளுக்குப் பசித்தது வயிறு அன்று. கை பசித்தது, அறிவு பசித்தது.

பிரான்சு நாட்டு மருத்துவர்களான இட்டார், செகின் ஆகிய இருவர் அவருக்கு முன்னரே இத்தகைய பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தவர்கள். அவர்களின் நூல்களைத் தம் கைப்பட இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிக் கற்றார். 1898-இல் தூரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டில், இந்தப் பிள்ளைகளின் சிக்கல் மருந்தால் தீர்வதைவிடக் கல்வியால்தான் தீரும் என்று எடுத்துரைத்தார். 1900-இல் ரோமாபுரியில் அவர்களுக்கென்றும் அவர்களின் ஆசிரியர்களுக்கென்றும் ஒரு பள்ளி தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பை ஏற்ற அம்மையார், காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை தாமே பிள்ளைகளோடு இருந்தார்.

அங்கே அவர் செய்தது என்ன? எழுத்துகளை மரத்தில் வெட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார். கண் சொல்லித் தராததை விரல் சொல்லித் தந்தது. தைக்கவே வராத ஒரு சிறுமியின் கையில் ஊசியைத் திணித்து அதட்டவில்லை. பாய் முடைவதுபோல் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னக் கொடுத்தார். பின்னல் கைவந்த பின் ஊசியைக் கொடுத்தபோது தையல் எளிதாக வந்தது. வேலைக்குக் கையைத் தயார் செய்யாமல் வேலையைக் கொடுப்பதும், செய்யவில்லையே என்று அடிப்பதும் ஆசிரியரின் குற்றமேயன்றிப் பிள்ளையின் குற்றமன்று. தொழில் பழகிய நம் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகளுக்குரிய பொதுத் தேர்வை எழுதித் தேறினார்கள். ஊரார் அதை அற்புதம் என்றார்கள். அம்மையார் மகிழ்ந்து நின்றுவிடவில்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடியுமானால், நலமாயுள்ள பிள்ளைகளை இந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருக்கும் பள்ளிகள் எப்படிப்பட்டவை என்று கேட்டார்.

அவர் சொந்த வாழ்விலும் சமூகத்தின் கொடுமை இருந்தது. மணம் செய்துகொண்ட பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். மணமாகாமலே 1898-இல் பிறந்த தம் மகன் மரியோவை ஊரறிய வளர்க்க இயலாமல் கிராமத்துக் குடும்பம் ஒன்றில் விட்டு வைத்தார். அந்த மகனே பின்னாளில் அவர் பணிக்கு வலக்கையானார்.

1907 ஜனவரி 6-இல், சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கவலைப்பட்ட வீட்டுக் கம்பெனியே அதற்கு இடம் கொடுத்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசிரியப் பயிற்சி பெறாத எளிய பெண் ஒருத்திதான் இருந்தாள்.

ஆணியடித்த பெஞ்சுகளுக்குப் பதில், பிள்ளைகளே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளும் மேசைகளும் வந்தன. தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டித் தடவக் கொடுத்தார். ஒவ்வொரு பொருளிலும் ஒன்றே வைத்ததால், ஒரு பிள்ளை முடித்து வைக்கும் வரை மற்றது காத்திருக்கக் கற்றது. பாடம் சொல்வதும் மூன்றே படி: ஆசிரியை பெயரைச் சொல்வாள், கேட்டால் பிள்ளை எடுத்துக் கொடுக்கும், பிறகு பிள்ளையே பெயரைச் சொல்லும். தவறினால் கண்டிப்பதில்லை, இன்னொரு நாள் தொடங்குவார்கள்.

எதையும் செய்யட்டும் என்று அவர் விட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். பிறரைத் துன்புறுத்துவதை அவர் பொறுத்ததில்லை. தொல்லை தரும் பிள்ளையைத் தனி மேசையில், மற்றவர்கள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும்படி உட்கார வைப்பார். விருப்பமான பொருளையும் கொடுப்பார். உடல் நலமில்லாத பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனிப்பார். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளையும் வேலைக்குத் திரும்பும். ஒழுங்கு அதட்டலால் வருவதன்று. கைக்கேற்ற வேலையால் வருவது என்பதே அவர் கண்ட உண்மை.

குறையையும் மறைக்க மாட்டோம். 1924 முதல் முசோலினி அரசாங்கத்தின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அது பிழை. ஆனால் பாசிசம் கேட்டது தலையாட்டும் பிள்ளைகளை. அவர் வளர்த்ததோ தானாக நிற்கும் பிள்ளைகளை. 1934-இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் முறைப் பள்ளிகள் மூடப்பட்டன.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசாங்கம் மகனைக் காவல் முகாமில் அடைத்தது. தாயை அடையாறு வளாகத்திலேயே கட்டுப்படுத்தி வைத்தது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று மகனை விடுவித்தது. போர்க் காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1952 மே 6-இல் ஆலந்து நாட்டில் மறைந்தார்.

அம்மையார் கடவுள் நம்பிக்கையுள்ளவர். அவரை அழைத்த சபையின் கொள்கையும் நம் கொள்கையும் வேறு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதியில் கண்ட பிள்ளைகளின் நிலைக்கு அவர் விதியைக் காரணம் காட்டவில்லை. வெறும் அறையைக் காரணம் காட்டினார். நம் ஊரிலோ முற்பிறவிப் பாவம், பெற்றவள் செய்த வினை என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் ஒருசேரத் தண்டிக்கிறோம்.

1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, கல்வியில் பின்தங்கியவை என்று முதலில் எடுக்கப்பட்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் குடும்பம், இத்தகைய பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறது. பாட்டி என்ன செய்வாள்? திண்ணையில் உட்கார வைப்பாள். அந்தத் திண்ணையும் ரோமாபுரியின் வெற்றறையும் ஒன்றுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை 2022-இல் ஒன்றிய அரசு வகுத்தது. ஆனால் அந்த ஆசிரியர்களை ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வைத்து, பள்ளி பள்ளியாக அலையவிட்டு வேலை வாங்கினால், ஒரு பிள்ளையின் கையை அறிந்துகொள்ள அவர்களுக்கு நேரம் ஏது? அம்மையார் நாளெல்லாம் பிள்ளைகளோடு இருந்தல்லவா கற்றார்!

ஆகவே தோழர்களே, நாம் செய்ய வேண்டியவை இரண்டு. சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணியும், போதிய எண்ணிக்கையும், கையில் எடுத்துப் பழகும் பொருள்களும் வேண்டுமென்று ஆட்சியில் யார் இருந்தாலும் வற்புறுத்த வேண்டும். அதற்கு முன்பே, இந்த வாரமே, நம் தெருவில் எந்தத் திண்ணையில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று பார்த்து, பெற்றோரோடு சேர்ந்து பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டும். பலகையில் எழுதிய பெயர் யாருக்காவது இருக்கட்டும். அந்தப் பெயருக்குரியவர் உழைத்தது நம் பிள்ளைகளுக்காக.