பழைய லாரிக்குப் புது இக்னிஷன் தேவையா? ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை சொல்லும் கணக்கு

கோவை அவினாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. அதில் போகிற பலருக்கு அவர் ஒரு கண்டுபிடிப்பாளர் என்பது மட்டும்தான் தெரியும். பழனி, பாலசமுத்திரம் பக்கத்து ஆட்களுக்கு அவர் வேறொரு வகையில் நெருக்கம். அவருடைய முதல் பஸ் ஓடியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான்.

அந்த மலையடிவாரத்தில் பழைய பெட்ரோல் ஜீப்போ லாரியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பாயின்ட் செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் விற்கிற எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டை மாட்டலாமா? போடுகிற காசு திரும்புமா? பஸ் ஓட்டிப் பிழைத்த நாயுடுவின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் இதற்குத் தெளிவு கிடைக்கும்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. பாதியிலேயே விட்டார். வாலிப வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அதன் மேல் ஆசை வந்துவிட்டது. கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகப் பிரித்துப்போட்டு, மறுபடி பூட்டிப் பார்த்தார். அவர் மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

பொள்ளாச்சி–பழனி பஸ் எப்படி வந்தது?

நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டார். பிறகு கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ்ஸை வாங்கி, 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. 1933 வாக்கில் அவரிடம் சுமார் 280 பஸ்கள் இருந்தன. சொந்த ஒர்க்‌ஷாப், நேரம் தவறாத ஓட்டம் இரண்டும் அந்தக் கம்பெனியின் அடையாளம். வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் பழுது வந்த பிறகு பார்ப்பதைவிட, வருவதற்கு முன்னால் பார்ப்பதுதான் லாபம்.

பழைய வண்டியில் தீப்பொறி எப்படி வருகிறது?

பெட்ரோல் என்ஜினில் ப்ளக்கில் விழும் பொறிதான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. பேட்டரி மின்சாரம் காயிலுக்குள் ஓடும். பாயின்ட் திறக்கும் நொடியில் அந்த ஓட்டம் அறுபடும். உடனே காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி ப்ளக்கில் பொறியாகத் தாவும். பாயின்ட் தீய்ந்துபோகாமல் காப்பது கண்டன்சர். எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி போகணும் என்று பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். நம்மூர் மெக்கானிக்குகள் அதை டெல்கோ என்பார்கள். இந்த முறையை உருவாக்கிய அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் 1909-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் அது.

நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயின்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி மாறினாலே டைமிங் தப்பும். வண்டி ஏற்றத்தில் இழுக்காது, பெட்ரோல் வீணாகும்.

எலெக்ட்ரானிக் கிட் போட்டால் என்ன லாபம்?

இதில் பாயின்ட்டுக்குப் பதில் ஒரு சென்சார் இருக்கும். உரசும் பாகம் இல்லாததால் தேய்மானம் இல்லை, அடிக்கடி கேப் வைக்கும் வேலையும் இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆவது சுலபம். கொடைக்கானல் ஏறுகிற வண்டிக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் பவர் கூடும், மைலேஜ் எகிறும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பாயின்ட் ஒழுங்காக இருந்த வண்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. கெட்டுப்போன பாயின்ட்டோடு ஓடிய வண்டியில்தான் வித்தியாசம் தெரியும். அங்கே புது பாயின்ட், புது கண்டன்சர் போட்டிருந்தாலும் பெரும்பாலான பலன் கிடைத்திருக்கும்.

எப்போது வீண் செலவு?

டீசல் லாரி என்றால் பேச்சே இல்லை. அதில் ப்ளக் பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றிலேயே டீசல் எரிகிறது.

பெட்ரோல் வண்டியிலும் டெல்கோ ஷாஃப்டின் புஷ் தேய்ந்து ஆடினால், கிட் மட்டும் போட்டால் போதாது. கம்ப்ரஷன் இல்லாத என்ஜின், அடைத்த கார்புரேட்டர், துருப்பிடித்த எர்த் ஒயர் இவற்றை எந்த கிட்டும் சரிசெய்யாது. காயிலின் ரெசிஸ்டன்ஸ் கிட்டுக்குப் பொருந்தாவிட்டால் மாட்யூல் எரிந்துபோகும். பாயின்ட் கெட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். அதனால் கிட் போட்டாலும் பழைய பாயின்ட், கண்டன்சர் இரண்டையும் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

பிறகு நாயுடு என்ன செய்தார்?

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். ஜெர்மனியில் தயாரான ரசாந்த் மின் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வ் ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமையக் காரணமாக இருந்து, அதன் முதல் முதல்வராகவும் ஆனார். 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அரசு அனுமதி கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

ஆக, போடலாமா வேண்டாமா?

புதுசு எதற்கும் பயந்தவர் இல்லை நாயுடு. ஆனால் அவர் தொடங்கியது பிரித்துப் பார்ப்பதில் இருந்து. பழைய வண்டிக்கும் அதே வரிசைதான். முதலில் கம்ப்ரஷன், பிறகு டெல்கோ ஷாஃப்ட், பாயின்ட், கண்டன்சர், ப்ளக், ஒயர், டைமிங். இவையெல்லாம் சரியாக இருந்து, வண்டியும் தினம் ஓடுகிறது, பாயின்ட் பார்க்க நேரமில்லை என்றால் கிட் போடலாம். மாதம் இரண்டு தடவை சந்தைக்குப் போய்வரும் வண்டி என்றால், நல்ல பாயின்ட் செட்டே போதும். மிச்சமாகும் காசை பிரேக்குக்கும் டயருக்கும் போடுங்க. மலை இறங்கும்போது அதுதான் உதவும்.