மலைநாடு ஈன்ற மக்கள் திலகம்

மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் கைகூப்பி நிற்போர் பலரின் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளைக் காட்டு வழியே கால்நடையாக வந்தவர்கள். கோப்பித் தோட்டங்களை நாடி வந்த அம்மக்களுள் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். உயிரோடு மாத்தளையை அடைந்தோர் அங்கிருந்து மலைநாடெங்கும் பரவினர். அம்மலைநாட்டு நாவலப்பிட்டியில், 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பிறந்தவரே எம். ஜி. இராமச்சந்திரன். கோபால மேனன், சத்தியபாமா தம்பதியரின் இளைய மைந்தர் அவர். தோட்டத் தொழிலாளர் குடியில் தோன்றியவர் அல்லரெனினும், தோட்டத்து மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே போற்றினர்.

மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். அன்னையார் மக்களோடு தமிழகம் சென்று கும்பகோணத்தில் குடியேறினார். வறுமை கல்வியை இடையிலேயே நிறுத்தியது. தமையனார் சக்கரபாணியும் அவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். கலையார்வத்தினும் பசியே அவர்களை அங்கு அழைத்துச் சென்றது எனலாம்.

அக்காலப் பாய்ஸ் கம்பெனி ஒரு குருகுலத்தை ஒத்தது. பாட்டு, நடனம், வசனம், வாட்போர் ஆகிய அனைத்தையும் சிறுவர்கள் அங்கேயே உண்டு உறங்கிப் பயின்றனர். குரலே அவர்களுடைய முதல். மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்துவிட்டால், அதுவரை ஏற்ற வேடங்கள் கைநழுவிப் போகும். குரலை நம்பி வாழும் வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதை இளமையிலேயே அவர் கண்டார்.

1936ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் சிறிய காவல்துறை அதிகாரி வேடம் ஒன்று கிட்டியது. அப்படத்தின் கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழல்கிறான். மலைநாட்டில் பிறந்தவரின் முதற் படமே மலைநாட்டுத் தொழிலாளரின் துயரைத் தொட்டது வியப்பன்றோ!

அதன்பின் பதினோர் ஆண்டுகள் சிறு வேடங்களிலேயே கழிந்தன. 1947ஆம் ஆண்டு ‘ராஜகுமாரி’ அவரைக் கதாநாயகனாக்கியது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1958ஆம் ஆண்டு தாமே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடமும் தாங்கிய ‘நாடோடி மன்னன்’ அவருடைய புகழைச் சிகரத்தில் ஏற்றிற்று.

திரை வளம் கொழித்த நாளிலும் மேடையை அவர் மறந்தாரில்லை. 1959ஆம் ஆண்டு சீர்காழியில் ‘இன்பக் கனவு’ நாடகத்தில், பருத்த உடலினரான சக நடிகரைத் தூக்கிய வேளையில் கால் முறிந்தது. இனி அவர் ஓடி ஆடி நடித்தல் அரிது எனப் பலர் அஞ்சினர். அவரோ மீண்டும் வாளேந்தினார்.

அதனினும் கொடிய சோதனை 1967 ஜனவரி 12இல் நேர்ந்தது. நடிகர் எம். ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனையில் கிடந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலில் வென்றார். ஆயின் பழைய குரல் திரும்பவில்லை. பிறர் குரலை இரவல் பெறுதல் எளிது. அவரோ சிதைந்த தம் குரலிலேயே பேசினார். மக்கள் அதனையும் ஏற்றனர். அக்குரலோடு நடித்த ‘ரிக்‌ஷாக்காரன்’ 1971ஆம் ஆண்டிற்கான அகில இந்தியச் சிறந்த நடிகர் விருதை ஈட்டித் தந்தது. தமிழ்த் திரைப்படத்தில் நடித்து அவ்விருதை முதன்முதலிற் பெற்றவர் அவரே.

நடிப்பு நுட்பத்தில் சிவாஜி கணேசனுக்கு நிகராக அவரை வைக்க விமரிசகர் பலர் ஒருப்படார். அது முற்றிலும் பிழையன்று. உணர்ச்சியின் ஆழங்களை விட, ஏழை எளியோர் தாம் ஆக விரும்பிய மனிதனையே அவர் திரையில் வரைந்தார். குடியும் புகையும் அற்ற வீரன், அன்னையைப் போற்றும் மகன், உழைப்பாளியின் தோழன் என அவ்வுருவம் அமைந்தது. படத்திற்குப் படம் மாறாதிருந்தமை கலைக்குக் குறையாகலாம். மக்கள் நம்பிக்கைக்கோ அதுவே அடித்தளமாயிற்று.

அந்நம்பிக்கையே 1977ஆம் ஆண்டு அவரை முதலமைச்சராக்கியது. பசியால் பள்ளியை இழந்த சிறுவன், 1982ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பெற்றது.

விருதுகள் அவருடைய புகழுக்குச் சான்று. உடைந்த குரலையும் தம் குரலாகவே ஏற்ற மக்களின் அன்போ, எவ்விருதினும் பெரிது.