கணித மேதை இராமானுஜனும் என் காலாண்டுத் தேர்வும்



டிசம்பர் 22 கணித மேதை சீனிவாச இராமானுஜன் பிறந்த நாள். 2012-ஆம் ஆண்டு முதல் அதை தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்காக இந்த முறை சுவர் இதழில் அவரைப் பற்றி எழுதும்படி கணக்கு டீச்சர் என்னிடம் சொன்னார்கள். ஏன் என்னிடம் சொன்னார்கள் என்று எங்க வகுப்புல எல்லாருக்கும் தெரியும். காலாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் 98, ஆங்கிலத்தில் 31. நான் கொஞ்சமும் வெட்கப்படாமல், இராமானுஜனே இங்கிலீஷ்ல ஃபெயில்தான் என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். டீச்சர் திட்டவில்லை. அவர் கதையை முழுசாகப் படித்துவிட்டு எழுது என்று மட்டும் சொன்னார்கள். படித்தேன். பெருமை எல்லாம் போய்விட்டது.

இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவுதான். வருமானம் போதாமல் அவர் அம்மா கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அந்த மாணவர்களிடமிருந்து கோணவியல் புத்தகம் ஒன்றை வாங்கி, நம் வயது வருவதற்குள் முடித்துவிட்டாராம். நமக்கு முக்கோணவியல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது!

பதினைந்து, பதினாறு வயதில் நண்பர்கள் மூலம் கல்லூரி நூலகத்திலிருந்து இன்னொரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் தேர்வுக்காகத் தொகுத்த கைடு மாதிரியான புத்தகம் அது. அதில் சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் இருந்தன. ஆனால் எப்படி வந்தது என்ற விளக்கம் பெரும்பாலும் கிடையாது. இராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போடுவார். முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்தே போய்விட்டதாம். விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

1904-இல் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கி, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். எஃப்.ஏ. என்றால் இப்போதைய பிளஸ் டூ மாதிரி. இங்கேதான் கதை மாறுகிறது. அந்தக் காலத்தில் கணக்கு மட்டும் தனியாகப் படிக்க வழியே இல்லை. ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாம் படித்தாக வேண்டும். எல்லா வகுப்பிலும் அவர் கணக்கே போட்டார். ஆங்கிலத்தில் தோற்றார். உதவித்தொகை நின்றுவிட்டது. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்! கட்ட முடியவில்லை. 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். உடம்பு சரியில்லாமல் போனது. 1907-இல் தனியாகத் தேர்வு எழுதியும் தேறவில்லை. அதோடு கல்லூரி வாசல் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் வேலை இல்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்தும், தெரிந்தவர்கள் உதவியிலும் நாளை ஓட்டினார். 1909-இல் ஜானகி அம்மாளுக்கும் அவருக்கும் கல்யாணம். அந்த அம்மாவுக்கு அப்போது பத்து வயது. நம்ம ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வயது என்று நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது. ஃபெயில் ஆனதைப் பற்றி நான் சிரித்துச் சிரித்துப் பேசினேனே, அந்த ஃபெயிலுக்குள் இவ்வளவு கஷ்டம் இருப்பது எனக்குத் தெரியாது.

மூடின கதவை ஒவ்வொருவராகத்தான் திறந்தார்கள். 1910-இல் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் போய், தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். அவர்தான் இந்தியக் கணிதக் கழகத்தை உருவாக்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்ததும், இவரைத் தாலுகா ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் இரவில் இவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவாராம்!

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்து போனார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி எம்.ஏ. படித்தவருக்குத்தான் அது கிடைக்கும். எஃப்.ஏ. கூட முடிக்காதவருக்காக விதியையே தளர்த்தினார்கள். 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். 1916-இல் ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜில் பட்டம். 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ.

அவர் போட்ட கணக்கில் நமக்குப் புரிவது ஒன்றைச் சொல்கிறேன். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். 5 என்றால் 7 விதம். 10 என்றால் 42. 100 என்றால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! எழுதிப் பார்க்காமலே இதைக் கணக்கிட அவரும் ஹார்டியும் 1918-இல் சூத்திரம் வெளியிட்டார்கள். இன்னொரு அதிசயமும் அவர் கண்டுபிடித்தார். 4-க்கு 5 விதம், 9-க்கு 30, 14-க்கு 135. இப்படி 4, 9 என்று முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் விடை 5-ஆல் மீதியில்லாமல் வகுபடும்.

போர்க்காலம், குளிர், சரியான சைவச் சாப்பாடு கிடைக்காதது எல்லாம் சேர்ந்து அவர் உடம்பைக் கெடுத்துவிட்டன. 1919-இல் சென்னை திரும்பினார். வந்த புதிதில் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தெரியாமலே போயிருக்கிறேன். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32தான். படுக்கையிலும் சிலேட்டைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார். ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பல ஆண்டுகள் வாழ்ந்து, 1994-இல் மறைந்தார்.

அன்று அவருக்கு இல்லாத வழிகள் இன்று நமக்கு இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் உள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டியில் 9, 10 வகுப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. கணித ஒலிம்பியாட் முதல் தேர்வை எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணன் தன் வீட்டில் நடத்திய கருத்தரங்குகளிலிருந்து 1962-இல் பிறந்ததுதான் இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம். 1989-இல் தி. நகரில் தொடங்கிய சென்னைக் கணிதக் கழகம் இப்போது சிறுசேரியில் இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே கணிதமே பட்டப்படிப்பாகப் படிக்கலாம். அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. இருக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் முதல் படி பிளஸ் ஒன்னில் கணக்கு உள்ள குரூப். அதற்கு முன்னால் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடமும் பாஸ் ஆகணும். ஆங்கிலமும்தான்.

ஒரு விஷயம் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1919 ஜனவரியில் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சொன்னது. அது தன் தேவைக்கு மேல் என்றும், செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கணும் என்றும் அவர் எழுதி அனுப்பினார். கட்டணம் கட்ட முடியாமல் வீட்டை விட்டு ஓடியவர் அல்லவா, அவருக்குத் தெரியும்.

எனக்கு இரண்டு ஆசை. ஒன்று, அரையாண்டில் ஆங்கிலத்தில் 50 வாங்க வேண்டும். என் பக்கத்து பெஞ்ச் தோழி சொல்லித் தருகிறாள், நான் அவளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இன்னொன்று ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். வாரம் ஒரு நாள் சாயந்திரம், பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்குகளைப் போட ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். இராமானுஜனுக்கு ஒரு நூலகப் புத்தகம்தான் முதல் கதவாக இருந்தது. நம்ம பள்ளியிலும் யாருக்கு எது கதவோ, யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒரு கேள்வி. 6-ஐ எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? விடையை ஒரு சீட்டில் எழுதி ஒன்பதாம் வகுப்பில் கொடுங்கள். அடுத்த இதழில் சரியாகச் சொன்னவர்கள் பெயர் வரும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி