பேறுபெற்றோர் நெறியும் புன்னைக்காயல் துறவியும்: அண்டிரிக் அடிகளார் (1520–1600)

தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்னும் அடைமொழி அண்டிரிக் அடிகளாருக்கு நிலைத்துவிட்டது. கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலே இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல். எழுத்துருக்களை வார்த்தவர் யார், எந்த ஊரில் வார்க்கப்பட்டன, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்பட்டதா என்பன பற்றி ஆய்வாளர் மிகுதியாக எழுதியுள்ளனர். அந்நூல்கள் எவர் கைக்குச் சேர வேண்டும் என்று ஆக்கப்பட்டன, அவற்றைப் படிக்கக் கேட்டவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்த்தார் என்னும் வினாக்கள் அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. அவற்றுக்கான விடை அச்சுக்கூடத்தில் இல்லை. பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், அவர் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பேறுபெற்றோர் பற்றிய போதனையை, துறவிகளுக்குரிய உயர்நெறியாக மட்டும் கொள்ளாமல் கரையோரக் குடும்பங்களின் அன்றாட ஒழுக்கமாக ஆக்க முயன்ற ஒரு வாழ்வாக அதனை வாசிக்க இடமுண்டு.

விலக்கப்பட்டவர்

போர்ச்சுக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520இல் பிறந்தவர் என்றீக்கே என்றீக்கசு. இப்பெயரே தமிழ் வாயில் அண்டிரிக் என்றாயிற்று. அவருடைய குடும்பம் யூத வழியில் வந்தது. அக்காலப் போர்ச்சுக்கலில் திருமுழுக்குப் பெற்ற யூதக் குடியினர் புதுக் கிறித்தவர் என்று பிரித்துச் சுட்டப்பட்டனர். இரத்தத் தூய்மை என்னும் கருத்து அரசுப் பணிகளிலும் துறவற சபைகளிலும் அவர்களுக்குக் கதவடைத்தது. அண்டிரிக் முதலில் பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்தார். பிறப்பின் காரணமாகவே அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னர் 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். அங்கும் சிக்கல் தீரவில்லை. வேறொரு சபையின் ஆடையை அணிந்தவரை ஏற்பதற்கு இயேசு சபையின் விதிகள் தடை விதித்திருந்தன. எனவே, அவரது நிலை உரோமையிலிருந்து வரவேண்டிய விலக்களிப்பை நம்பி நின்றது. இறுதி வாக்குறுதி அளிக்கும் தகுதி அவருக்குக் கிட்டியது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகே.

இந்தச் செய்தியை வாழ்க்கைக் குறிப்புகளில் பலர் ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். அது சரியன்று. எளிய உள்ளத்தோர் பேறுபெற்றோர் என்னும் போதனையைப் பிறருக்குக் கற்பிக்க வந்தவர், எளிமையைத் தாமாக விரும்பி ஏற்கும் முன்பே அது தம்மீது சுமத்தப்படக் கண்டவர். அவர் புன்னைக்காயலில் முதிர்ந்து தளர்ந்திருந்த காலத்தில், 1593இல், இயேசு சபையின் பொதுப்பேரவை யூத வழியினரை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் முத்துக்குளித்துறையில் உழைத்த ஒருவர், தம் குலத்தில் பிறந்த இன்னோர் இளைஞனுக்குத் தாம் பெற்ற இடம் இனிக் கிடைக்காது என்னும் நிலையில் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

துறையின் நிலை

கொற்கை மண்மேடிட்டபின் காயலும், காயல் தூர்ந்தபின் புன்னைக்காயலும் துறைமுகமாயின. தாமிரவருணி கொண்டுவந்து கொட்டும் வண்டலே இவ்வூர்களின் வரலாற்றை எழுதியது எனலாம். இக்கரையின் பரதவர் முத்துக்குளிப்பு உரிமை பற்றி எழுந்த கடும் பூசலில் போர்ச்சுக்கீசியரின் காவலை நாடி 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். பெயர் மாறியது, கற்பிக்க ஆளில்லை. 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார் செபங்களைத் தமிழாக்கி ஊர் ஊராகச் சென்று மனப்பாடம் செய்வித்தார். அம்மொழிபெயர்ப்பின் தரம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும்: விசுவாச அறிக்கையில் நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் எனக்கு வேண்டும் என்று பொருள்படும் சொல் நுழைந்திருந்தது. பிழையைச் சவேரியாரே கண்டுணர்ந்து 1544இல் தம் உடன்பணியாளருக்குத் திருத்தி எழுதினார். ஒரு சமூகம் தன் நம்பிக்கையைத் தேவையாக உச்சரித்துக் கொண்டிருந்தது. முத்துத் துறையின் அன்றைய அரசியலை நோக்கின் அப்பிழை முற்றிலும் பொருந்தாததும் அன்று.

1546இல் கோவா வந்த அண்டிரிக் அடுத்த ஆண்டு இக்கரைக்கு அனுப்பப்பட்டார். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பேசினார். அவர்கள் தம் கருத்தைச் சிதைத்துச் சொல்வதைக் கண்டபின், இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தைக் கொண்டு தமிழ் வினைகளையும் பெயர்களையும் வகைப்படுத்திக் கற்றார். அம்முயற்சியில் விளைந்த இலக்கணக் கையெழுத்துப் படி இலிசுபன் தேசிய நூலகத்தில் காக்கப்பட்டு, 1982இல் அச்சாகி, 2013இல் ஆங்கில ஆக்கமும் பெற்றது. மரபிலக்கணம் பயின்ற தமிழ்ப் புலவர் எவரும் எழுத நினையாத இலக்கணம் அது: மீனவர் வாயில் வழங்கிய பேச்சுத் தமிழின் இலக்கணம். கரையிலிருந்த சபையினர் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் சிறு தண்டனை ஏற்க வேண்டும் என்னும் ஏற்பாடும் இருந்தது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராதல் என்பதைக் கனிவின் செயல்வடிவமாகக் கொள்வதில் தவறில்லை.

இரக்கத்தின் ஏற்பாடுகள்

1549இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அங்கிருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கரிடம் வரி தண்டியதே அத்தாக்குதலுக்கு வழிவகுத்தது. அதன்பின் கரையின் பொறுப்பு உடல்நலம் குன்றியவரான அண்டிரிக்கிடம் வந்து, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவரிடமே இருந்தது. அவர் எதிர்கொண்ட இடர் இருமுகமானது. ஒருபுறம் வடுகர் படையெடுப்பும் கடல்வழித் தாக்குதலும். மறுபுறம் காப்பதாகச் சொன்ன போர்ச்சுக்கீசிய அதிகாரிகளின் பேராசை. நீதியின் மேல் கொள்ளும் வேட்கையைப் பற்றிப் பேசும் துறவி, தன் நாட்டுத் தளபதிகளுக்கு எதிராகத் தம் மக்களின் பக்கம் நிற்க வேண்டியதாயிற்று. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டு வீழ்ந்தபோது அவரும் சிறைப்பட்டார். மீட்கப்பட்டபின் அவர் தாய்நாடு திரும்பவில்லை. அதே கரைக்கே வந்தார். 1560இல் போர்ச்சுக்கீசியர் மன்னாரைக் கைப்பற்றிப் பரதவரில் ஒரு பகுதியினரை அங்குக் குடியேற்றியபோது அவர்களோடு சென்று சில ஆண்டுகள் தங்கினார்.

புன்னைக்காயலில் அவர் முயற்சியால் எழுந்த மருத்துவமனை இவ்விடத்தில் தனித்து நோக்கத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் நிறுவப்பட்ட அது, ஊராரின் கொடையால் நடந்தது. அரசன் அளித்த மானியத்தால் நடந்திருந்தால் அது போர்ச்சுக்கீசிய அறச்சாலைகளுள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும். முத்துக்குளிப்பவர், தோணிக்காரர், பட்டங்கட்டிகள் எனப் பலரும் தம் வருவாயில் ஒரு பங்கை நோயுற்ற அயலானுக்கு ஒதுக்கும் பழக்கம் அதன்வழி வேரூன்றியது. மூச்சடக்கி மூழ்கும் தொழிலில் காது கெடுவதும் நுரையீரல் நோவதும் அன்றாட நிகழ்வுகள். அத்தொழிலாளர் நடுவே இரக்கமுடையோர் பேறுபெற்றோர் என்பதன் பொருளை விளக்கத் தனி உரை தேவைப்பட்டிராது.

குருமார் சிலர், ஊர்களோ பல. ஆண்டில் ஒருமுறையேனும் குருவைக் காண்பது அரிது என்னும் சிற்றூர்களில் கணக்கப்பிள்ளை என்னும் பொதுநிலையினர் செபம் சொல்லிக் கொடுத்தனர், இறக்கும் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தனர், சச்சரவுகளைத் தீர்க்க முயன்றனர். சவேரியார் தொடங்கிய இவ்வமைப்பை அண்டிரிக் வளர்த்தார். அமைதி ஏற்படுத்துவோர் என்னும் பேறு, வலை அறுந்ததற்கும் பங்கு குறைந்ததற்கும் எழும் பூசல்களைத் தீர்த்துவைத்த அம்மனிதரின் அன்றாடப் பணியாயிற்று. அச்சு நூலின் தேவை பிறந்ததும் இங்கேதான்.

நூல்கள்

குரு இல்லாத இடத்தில் குருவின் பணியைச் செய்யும் கருவியாகவே அண்டிரிக்கின் நூல்கள் ஆக்கப்பட்டன. இலிசுபனில் 1554இல் அச்சான கார்த்திலா உரோமன் எழுத்தில் தமிழைத் தந்தது. கரையோர மக்களுக்கு அதனால் பயனில்லை. தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று அண்டிரிக் பாடுபட்டதன் காரணம் வெளிப்படை. பேரோ லூயிசு என்னும் அந்தணர் குலத்துத் துறவி அவருக்கு மொழித்துணையாக இருந்தார். செலவைப் பரதவரே ஏற்றனர். தம்பிரான் வணக்கத்தை அடுத்து, 1579 நவம்பர் 14இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. மார்க்கோசு சோர்சு எழுதிய போர்ச்சுக்கீசிய ஞானோபதேசத்தின் தமிழாக்கமான இது, வினாவிடை வடிவினது. கடவுளைக் குறிக்கத் தம்பிரான் என்ற சொல்லை அவர் தேர்ந்தது துணிவான செயல். சைவ வழக்கில் நன்கு வேரோடிய சொல்லை எடுத்தாண்டவர், தூய ஆவி, அருள் போன்ற இடங்களில் போர்ச்சுக்கீசிய, இலத்தீன் சொற்களை அப்படியே விட்டுவிட்டார். அளவுக்கு மீறிய அச்சம் அது என்று சொல்ல இடமுண்டு. எனினும், பின்வந்தோர் வடசொல்லைக் கொண்டு அவ்விடங்களை நிரப்பியபோது நடை மீனவர் வாய்மொழியிலிருந்து விலகியதையும் மறுக்க இயலாது.

1580இல் அச்சான ‘கொம்பெசியோனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் கையேடு. இதனைத் தண்டனைப் பட்டியலாக வாசிக்கும் போக்கு ஆய்வுலகில் உண்டு. பத்துக் கட்டளைகளின் வரிசையில் வினாக்களைத் தொடுப்பதால் அத்தோற்றம் எழுவது இயல்பே. ஆயினும் வினாவைத் தொடுப்பவர் குரு மட்டுமல்லர். நூல் மக்கள் மொழியில், மக்கள் எழுத்தில் அச்சானபின், ஒருவன் தன்னைத் தானே வினவிக் கொள்ளும் வாய்ப்பு பிறக்கிறது. தூய உள்ளம் என்பது சடங்கால் வருவதன்று, நாள்தோறும் தன்னை ஆராய்வதால் வருவது என்னும் பயிற்சி அதனுள் பொதிந்துள்ளது. பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ்க் குடும்பத்தின் அச்சங்கள், ஆசைகள், பொய்கள் ஆகியவற்றை இவ்வளவு அருகிருந்து காட்டும் உரைநடை வேறு அரிது.

1586இல் வெளிவந்த ‘புளோசு சாங்தோரும்’, அதாவது புனிதர் வரலாறு, அவர் ஆக்கங்களுள் பெரியது. ஆசிரியருக்கு அப்போது அகவை அறுபத்தாறு. இந்நூலைப் பேறுகளின் விரிவுரை என்று சொல்வது வலிந்து பொருள் கொள்வதாகாது. இலத்தீன் வழிபாட்டு மரபில் நவம்பர் 1ஆம் நாள் கொண்டாடப்படும் அனைத்துப் புனிதர் பெருவிழாவின் நற்செய்தி வாசகமே மலைப்பொழிவின் பேறுகள்தாம். எனவே, புனிதர் ஒவ்வொருவரின் வரலாறும் அப்பேறுகளுள் ஏதேனும் ஒன்று ஒரு மனித உடலில் எவ்வாறு நிகழ்ந்தது என்று காட்டும் கதையாகிறது. பெரியபுராணம் கேட்டுப் பழகிய நிலத்தில் அடியார் வரலாறு என்னும் வடிவம் அயலாக இல்லை. குயவரும் வேடரும் வண்ணாரும் அடியாராகும் மரபை அறிந்த செவிகளுக்கு, துயருறுவோரும் துன்புறுத்தப்படுவோரும் பேறுபெறுவர் என்பது புதிய செய்தியாயினும் புரியாத செய்தியன்று.

அண்டிரிக் அடிகளார் 1600 பிப்ரவரி 6ஆம் நாள் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இக்கரையின் மக்களோடு வாழ்ந்த அவர் பெயர் புனிதர் வரிசையில் சேர்க்கப்படவில்லை. அவர் எழுதிய புனிதர் வரலாறும் நெடுங்காலம் தமிழர் கண்ணுக்கு எட்டவில்லை. எஞ்சிய ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனைப் பெற்றுச் சே. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெயரில் பதிப்பித்தார். அப்பதிப்பு வெளிவந்த ஊர், நூலாசிரியர் அடங்கியிருக்கும் தூத்துக்குடியே.