தாம்பரம் சானடோரியம்: யார் இந்த டாக்டர் சவுரிமுத்து?

குத்தாலம், மயிலாடுதுறை வழியா எழும்பூருக்கு ரயிலில் போறவங்க, தாம்பரம் தாண்டினதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பாங்க. டெல்டாக்காரங்களுக்கு சானடோரியம்னா செங்கிப்பட்டிதான் ஞாபகம் வரும். இது அதற்கும் மூத்தது. தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து.

1864-ல் பிறந்த இவர், இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கு சானடோரியம் நடத்தினார். 1914-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்து போன அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்று வருஷம் கழித்து, 1917-ல், அந்தக் கும்பகோணத்துப் பிள்ளை இவரிடமே நோயாளியாக வந்து சேர்ந்தார். அதிக நாள் தங்கவில்லை. மேட்லாக் சானடோரியத்துக்கு மாறிவிட்டார். ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று 1994-ல் ஒரு ஆய்வு சொன்னது தனிக்கதை.

அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நோய் நுரையீரலை அரித்துக் குழியாக்கும். குழி வெளிப்பக்கம் உடைந்தால், மூச்சுக் காற்று நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் கசியும். பஞ்சரான டயரில் காற்று வெளியே போய்விடும். இங்கே நெஞ்சுக்குள்ளேயே தங்கி நுரையீரலை அமுக்கும். இன்றைக்கு நெஞ்சில் குழாய் போட்டு, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விடுறாங்க. குமிழி வந்தால் ஓட்டை இன்னும் மூடலைன்னு அர்த்தம். ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் உறையை ஒட்டவைப்பது, மூச்சுக்குழாயில் ஒருவழி வால்வு வைப்பது, ஆபரேஷன் என்று வழிகள் இருக்கு.

வேடிக்கை என்னன்னா, அந்தக் காலத்தில் காற்றை வேண்டுமென்றே ஊசி வழியா உறைக்குள் செலுத்தினாங்க. நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுத்தால் குழி மூடும் என்பது இத்தாலிய மருத்துவர் ஃபோர்லானினி 1882-ல் முன்வைத்த யோசனை. உடம்பு அந்தக் காற்றை உறிஞ்சிவிடும். அதனால் திரும்பத் திரும்ப ஏற்றணும். ஊசி தவறி நுரையீரலில் பட்டால் நிஜமாகவே ஓட்டை விழும்.

சவுரிமுத்து பெரிதாக நம்பியது வெளிக்காற்றை. திறந்தவெளி, நல்ல சாப்பாடு, ஓய்வு. 22 வருஷ அனுபவத்தை 1922-ல் புத்தகமாகவே போட்டார். அதே முறையைச் சொந்த மண்ணிலும் கொண்டுவர, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1940-ல் அவர் காலமானார். காசநோயைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்.